இரவல் சுவர், சொந்தப் படம்

வாடகை ஒப்பந்தங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும். தண்ணீர்க் கட்டணத்துக்கும் நாய் வளர்க்கக் கூடாது என்பதற்கும் நடுவில் எங்காவது, "சுவரில் ஆணி அடிக்கக் கூடாது" என்று. எழுத்தில் இல்லாவிட்டால் சாவியைக் கொடுக்கும்போது வாய்மொழியாக வந்துவிடும். டெல்லி வீட்டுக்கார அம்மாள் "பேட்டா" என்று பிரியமாக அழைத்துச் சொல்வார். பெங்களூர் வீட்டுக்காரர் "சார்" போட்டு மரியாதையாகச் சொல்வார். மும்பையில் தரகரே சொல்லிவிடுவார். மொழிதான் வேறு, பொருள் ஒன்று: சுவர் எங்களுடையது.

கேட்டுக்கொண்டவர்கள் தலையாட்டிவிட்டுக் குடிபோகிறார்கள். கல்யாணப் பரிசாக வந்த தஞ்சாவூர் ஓவியம், கண்காட்சியில் ஆசைப்பட்டு வாங்கிய கலம்காரித் துணி, தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம், பெண் முதன்முதலாக வரைந்த யானை எல்லாம் அட்டைப் பெட்டியிலேயே இருந்துவிடுகின்றன. பெட்டி பரணுக்குப் போகிறது. "சொந்த வீடு வந்ததும் மாட்டிக்கொள்ளலாம்" என்பது சமாதானம். மாற்றல் உள்ள உத்தியோகத்தில் சொந்த வீடு பெரும்பாலும் ஓய்வு பெறும் சமயத்தில்தான் வரும். அதுவரை பெட்டியோடு போபால், நாக்பூர், கொல்கத்தா என்று சுற்றிவிட்டுத் திறந்து பார்த்தால், பாதியை ராமபாணப் பூச்சி தின்றிருக்கும். மீதியில் கண்ணாடியும் காகிதமும் ஒன்றாக ஒட்டிப்போயிருக்கும். சுவர் பத்திரமாக இருந்தது. படம் போய்விட்டது.

இது சிலருடைய பிரச்சினை மட்டும் அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகர்ப்புறக் குடும்பங்களில் சுமார் 28 சதவீதம் வாடகை வீட்டில் இருந்தன. அதாவது நகரங்களில் நாலு வீட்டுக்கு ஒன்றுக்கும் மேல் இரவல் சுவர். அத்தனை சுவரும் மளிகைக் கடைக் காலண்டரோடு மட்டும் நின்றுவிட வேண்டியதில்லை. காலண்டரும்கூட முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன ஆணியில்தான் தொங்குகிறது என்பது வேறு விஷயம்.

சட்டம் என்ன கேட்கிறது?

முதலில் பயத்தை அளந்துகொள்வது நல்லது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108ஆவது பிரிவில், குத்தகைக்கு இருப்பவரின் கடமையைச் சொல்கிறது. எந்த நிலையில் இடத்தைப் பெற்றாரோ அந்த நிலையில் வைத்திருந்து திருப்பித் தர வேண்டும். ஆனால் நியாயமான தேய்மானத்துக்கு அவர் பொறுப்பல்ல. சுவர் நிறம் மங்கினால் அது தேய்மானம். உள்ளங்கை அளவுக்குப் பூச்சு பெயர்ந்தால் அது சேதம். இரண்டுக்கும் நடுவில் உள்ள ஓர் ஆணித் துளை எதில் சேரும் என்பதில்தான் வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் நடக்கும் சண்டையெல்லாம்.

மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம் இதைக் கொஞ்சம் தெளிவாக்கியது. குடியிருப்புக்கு முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது என்றது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று அட்டவணை போட்டது. ஆனால் பெயரே சொல்வது போல இது மாதிரிதான். மாநிலம் ஏற்றுக்கொண்டு தன் சட்டமாக்கினால்தான் செல்லும். நடைமுறை வேறு தினுசு. பெங்களூரில் 10 மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பதும், காலி செய்யும்போது பெயிண்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் ஊரறிந்த வழக்கம். மாதம் 25,000 ரூபாய் வாடகை என்றால் 2,50,000 ரூபாய் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. நாலு ஆணிக்காக அந்தப் பணத்தோடு மல்லுக்கட்ட யாருக்கும் மனம் வராது.

எனவே கேள்வி, வீட்டுக்காரரை எப்படி வெல்வது என்பதல்ல. சுவரைத் தொடாமல், அல்லது தொட்டது தெரியாமல், படத்தோடு எப்படி வாழ்வது என்பதுதான்.

சுவரை விட்டு வந்த ஓவியங்கள்

இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் பழைய பதில் ஒன்று உண்டு. படம் என்றால் கண்ணாடியும் சட்டமும் ஆணியும் என்ற எண்ணம் பெரும்பாலும் அச்சுப் படங்களோடு வந்தது. ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் நடுத்தர வீட்டுச் சுவர்களில் சட்டம் போட்டு ஏறினார்கள். அதற்கு வெகு காலம் முன்பே நம் ஓவியங்களில் பல, ஆணியே தேவைப்படாமல் ஊர் ஊராகப் போய்வந்தன.

ராஜஸ்தானத்தின் பட் ஓவியம் ஒரு நல்ல உதாரணம். பாபுஜியின் கதையைச் சொல்லும் துணி ஏறத்தாழ 15 அடி நீளம். போபா என்னும் பூசாரிப் பாடகர் பகலெல்லாம் அதைச் சுருட்டித் தோளில் சுமப்பார். இரவில் இரண்டு கழிகளுக்கு நடுவில் விரித்துக் கட்டி, விளக்கொளியில் பாடுவார். விடிந்ததும் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊர். மேற்கு வங்கத்தில் மேதினிப்பூர்ப் பக்கம் நயா கிராமத்துப் பட்டுவாக்கள் காகிதச் சுருளைக் கட்டம் கட்டமாக இறக்கிக்கொண்டே பாடுகிறார்கள். காகிதம் கிழியாமல் இருக்கப் பின்புறம் பழைய புடவைத் துணியை ஒட்டிவிடுகிறார்கள். தெலங்கானாவின் சேரியால் சுருளும் கதைசொல்லிகளோடு நடந்த ஓவியம்தான். திபெத்திய பௌத்தர்களின் தங்கா ஓவியத்துக்கு மேலும் கீழும் கழி. சுருட்டினால் ஒரு குடை அளவு. பயணம் போகிறவர்களுக்காகவே ஏற்பட்ட வடிவங்கள் இவை.

சுவரிலேயே பிறந்த ஓவியங்களின் கதை இன்னும் பொருத்தமானது. பிகாரின் மிதிலைப் பகுதியில் பெண்கள் மணவறைச் சுவரில்தான் காலங்காலமாக வரைந்து வந்தார்கள். 1934 ஜனவரி பூகம்பத்தில் வீடுகள் இடிந்தபோது, நிவாரண வேலைக்குப் போன ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஆர்ச்சரின் கண்ணில் அந்த உள்சுவர்ச் சித்திரங்கள் பட்டன. பிறகு 1966-67இல் பெரும் வறட்சி. பிழைப்புக்கு வழி செய்வதற்காக அகில இந்தியக் கைவினை வாரியம் பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை அனுப்பி, பெண்களுக்குக் காகிதத்தைக் கொடுத்து வரையச் சொன்னது. சுவரில் இருந்தது காகிதத்துக்கு வந்து, மதுபனி என்ற பெயரில் உலகம் சுற்றியது. மகாராஷ்டிரத்து வார்லி ஓவியத்துக்கும் ஏறக்குறைய இதே கதை. மண்சுவரில் அரிசி மாவால் வரைந்ததை 1970களில் காகிதத்துக்கும் துணிக்கும் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஜீவ்யா சோமா மஷே.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. சட்டம் போடாத படம், கண்ணாடி போட்ட படத்தைவிடப் பல மடங்கு இலகு. சுருட்டிவிடலாம். லாரியில் உடையாது. தச்சரிடம் சொல்லி ஓர் அங்குல அகல மர ரீப்பரை நாலு துண்டாக நறுக்கி வாங்கி, துணியின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இரண்டிரண்டு ரீப்பருக்கு நடுவில் வைத்துத் திருகினால் போதும். மேல் ரீப்பரில் ஒரு கயிறு. கீழ் ரீப்பரின் கனம் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து வைத்துக்கொள்ளும். கலம்காரி, பட்டச்சித்திரத் துணி, பாட்டியின் பழைய பட்டுப் புடவை முந்தானை, எதுவானாலும் சரி.

முதலில் எடை, பிறகு சுவர்

கண்ணாடி போட்டே ஆக வேண்டிய படங்களும் இருக்கின்றன. அவற்றைத் தொங்கவிடும் முன் ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் இரண்டரை கிலோ எடை. 2 அடிக்கு 3 அடி படத்துக்கு 2 மி.மீ. கண்ணாடி என்றால் கண்ணாடி மட்டுமே சுமார் 2.8 கிலோ. கடைக்காரர் 4 மி.மீ. கண்ணாடி போட்டுவிட்டால் 5.6 கிலோ. இதற்கு மேல் மரச் சட்டமும் பின் பலகையும். அதே கனத்தில் அக்ரிலிக் தகடு போட்டால் எடை பாதிக்கும் குறையும், உடையவும் உடையாது. கீறல் விழும் என்பது ஒன்றுதான் குறை. ஃபிரேம் போடும் கடையில் நிறத்தைப் பற்றி அரை மணி பேசுகிறவர்கள் இதைப் பற்றி அரை நிமிடம் பேசுவது நல்லது. வீட்டில் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு படமில்லாமல் ஏறி, கழித்துப் பார்த்தால் எடை தெரிந்துவிடும்.

அடுத்தது சுவர். நம் நாட்டில் எல்லாச் சுவரும் ஒன்றல்ல. உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாக மாவு ஒட்டினால் அது சுண்ணாம்பு வெள்ளையடிப்பு, அல்லது மட்ட ரக டிஸ்டெம்பர். கை சுத்தமாக வந்து சுவர் லேசாக வழவழத்தால் எமல்ஷன் பெயிண்ட். பளபளத்தால் எனாமல். இந்தப் பரிசோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பிறகு வரும் முடிவுகள் எல்லாம் இதைப் பொறுத்தவை.

இப்போது கடைகளில் கிடைக்கும் ஒட்டுப் பட்டைகளை எடுத்துக்கொள்வோம். 3எம் நிறுவனத்தின் "கமாண்ட்" பட்டைகள் பிரபலமானவை. அதே மாதிரி வேறு பெயர்களிலும் வருகின்றன. பட்டையின் ஒரு பாதி சுவரில், மறு பாதி படத்தின் பின்புறம். எடுக்கும்போது வாலைப் பிடித்துச் சுவரை ஒட்டினாற்போல் நேராகக் கீழ்நோக்கி மெல்ல இழுத்தால், ரப்பர் போல நீண்டு, பெயிண்டைப் பெயர்க்காமல் கழன்றுவிடும். தன் பக்கம் வெடுக்கென்று இழுத்தால் பெயிண்டும் சேர்ந்து வரும். பெரிய அளவில் நாலு ஜோடி சேர்ந்து 16 பவுண்டு, அதாவது சுமார் 7 கிலோ தாங்கும் என்று உறையில் போட்டிருக்கும்.

போட்டிருப்பது வழவழப்பான, சுத்தமான, நன்றாக உலர்ந்த சுவருக்கு. மாவு உதிரும் சுண்ணாம்புச் சுவரில் பட்டை, சுவரை அல்ல, மாவைத்தான் பிடித்துக்கொள்கிறது. நள்ளிரவில் படம் விழும் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எமல்ஷன் சுவரிலும் சில நியமங்கள் உண்டு. புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். சுவரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் கூடாது. ஒட்டியபின் அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒரு மணி நேரம் கழித்தே படத்தை மாட்ட வேண்டும். 40 டிகிரி செல்சியஸ் வரைதான் இதற்குப் பொறுப்பு. மே மாதத்து டெல்லியில் மேற்கு வெயில் வாங்கும் சுவர் இதற்கு ஏற்றதல்ல. கட்டில் தலைமாட்டுக்கு மேலேயும் விலைமதிப்பில்லாத படத்துக்கும் வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். உறையில் சொன்ன எடையில் பாதியை மட்டும் நம்புவது புத்திசாலித்தனம். முதலில் கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு பட்டையை ஒட்டி, ஒரு வாரம் விட்டு, இழுத்துப் பார்த்துவிட்டால் சுவரின் குணம் தெரிந்துவிடும்.

கூடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். இருபுறமும் ஒட்டும் ஃபோம் டேப், பிரிக்கும்போது பெயிண்டை வட்டமாகப் பிய்த்துக்கொண்டு வரும். செலோ டேப் மஞ்சள் கறை விடும். ஃபெவிக்கால் பற்றிச் சொல்லவே வேண்டாம். எந்த ஒட்டும் பொருளும் ஓவியத்தின் மீது நேரடியாகப் படக் கூடாது என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். சுவர்க் கறை பெயிண்டில் மறையும். ஓவியத்தில் ஏறிய டேப்பின் கறை போகாது.

சுவர் அல்லாத சுவர்கள்

வீட்டில் சுவரைத் தவிர எத்தனையோ செங்குத்துப் பரப்புகள் இருக்கின்றன. கண்ணெதிரே நிற்கும் இரும்பு பீரோவையே எடுத்துக்கொள்ளலாம். ஆறடி உயரப் பக்கவாட்டுத் தகடு வெறுமனே கிடக்கிறது. நாலு காந்தங்கள் இருந்தால் அச்சுப் படங்கள், அஞ்சலட்டைகள், குழந்தைகளின் சித்திரங்கள் எல்லாம் அங்கே ஏறிவிடும். மாதம் ஒரு முறை மாற்றலாம். காந்தத்துக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு சின்ன அட்டைத் துண்டு வைத்தால் தடம் பதியாது.

ஜன்னல் கம்பியும் திரைச்சீலைக் கம்பியும் வீட்டுக்காரரே பொருத்திக் கொடுத்தவை. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய வீடுகளில் கூரைக்குச் சற்றுக் கீழே சுவரைச் சுற்றி ஒரு மரப்பட்டை ஓடும். அதில் கொக்கி மாட்டிக் கயிற்றில் படங்களைத் தொங்கவிடுவார்கள். எத்தனை முறை மாற்றினாலும் சுவரில் துளை விழாது. திரைச்சீலைக் கம்பியும் அதே வேலையைச் செய்யும். வெளிச்சம் வராத பால்கனிக் கதவின் கம்பியில் திரைக்குப் பதிலாகக் கலம்காரியைத் தொங்கவிட்டால் அறையின் முகமே மாறும். பரணின் விளிம்பில் எஸ் வடிவக் கொக்கி மாட்டலாம். இரண்டு சுவருக்கு நடுவில் முட்டுக்கொடுத்து நிற்கும் ஸ்பிரிங் கம்பிகள் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கின்றன. நடைவழியின் முடிவில் ஒன்றைப் பொருத்தி, இலகுவான சுருள் ஓவியத்தைத் தொங்கவிட ஆணி வேண்டாம்.

கனமான படத்துக்கு மிகச் சுலபமான வழி, தொங்கவிடாமல் இருப்பதுதான். தஞ்சாவூர் ஓவியம் பலகையின் மேல் துணி ஒட்டி, சுண்ணக் கலவையும் கல்லும் தங்கத் தகடும் ஏற்றியது. கண்ணாடியும் தேக்குச் சட்டமும் சேர்ந்தால் நடுத்தர அளவுப் படமே ஒரு சின்னக் குழந்தையின் எடை. அதை ஒட்டுப் பட்டையில் ஏற்றுவது விபரீதம். தாழ்வான அலமாரியின் மேல், நீண்ட பெஞ்சின் மேல், புத்தக அடுக்கின் உச்சியில் சுவரில் லேசாகச் சாய்த்து வைக்கலாம். கீழ் விளிம்பில் இரண்டு ரப்பர்த் துண்டு ஒட்டினால் வழுக்காது. மேல் மூலைகளில் ஃபெல்ட் துணி ஒட்டினால் சுவரில் கீறல் விழாது. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் அலமாரியோடு சேர்த்து ஒரு கயிறு கட்டிவிட வேண்டும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நின்று பார்க்கும் இடத்தில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடியில் இருந்தால் கண்ணுக்கு நேராக இருக்கும். ஆனால் நம் வீடுகளில் பாயிலும் திவானிலும் உட்கார்ந்தே பொழுது போகிறது. அங்கே படமும் கொஞ்சம் கீழே இறங்கி வரலாம். சாய்த்து வைக்கும் வழக்கம் இந்த விதத்திலும் நமக்கு ஒத்துவருவது.

ஓதமும் வெயிலும்

சுவரை மட்டும் காப்பாற்றினால் போதாது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஓதம் குடிக்கும். அதில் படத்தை ஒட்டினாற்போல் மாட்டினால், நடுவில் காற்று போகாமல் பூஞ்சை பிடிக்கும். சட்டத்தின் நாலு மூலையிலும் பின்புறம் கால் அங்குல ரப்பர்க் குமிழ் வைத்தால் காற்று ஓடும். முடிந்தால் இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள உள்சுவரே நல்லது. மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை எடுத்துப் பின்பக்கத்தைத் துடைத்துப் பார்க்க வேண்டும். ராமபாணப் பூச்சிக்குப் பிடித்தது இருட்டும் ஈரமும் பசையும். பரண் பெட்டியில் மூன்றும் உண்டு. வெளியே மாட்டிய படத்தை அது அவ்வளவாக அண்டாது.

வெயில் அடுத்த எதிரி. அருங்காட்சியகங்கள் நீர்வண்ண ஓவியத்துக்கும் பழந்துணிக்கும் பொதுவாக 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் காட்டுவதில்லை. பகலில் ஜன்னலோரத்தில் அது பல மடங்கு. இயற்கைச் சாயத் துணிகளை நேர் வெயில் படாத இடத்தில் வைத்து, ஆறு மாதம் ஒன்று, ஆறு மாதம் இன்னொன்று என்று மாற்றி மாட்டலாம். சுருட்டி வைக்கும் துணியைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றலாம். பிளாஸ்டிக் பை வேண்டாம். அதற்குள் ஈரம் அடைபட்டுவிடும்.

ஆணி அடித்தே தீர வேண்டுமானால்

சில படங்களுக்கு ஆணியைத் தவிர வேறு வழி இருக்காது. அப்போது கேட்டுவிடுவதே மேல். "ஆணி அடிக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "கூடாது" என்றுதான் பதில் வரும். "ஹாலில் இந்தச் சுவரில் இரண்டு துளை. டிரில் போட்டுச் சுத்தமாகச் செய்து, போகும்போது அடைத்துப் பெயிண்ட் அடித்துத் தருகிறோம்" என்று கணக்காகக் கேட்டால் பெரும்பாலோர் இறங்கி வருவார்கள். எப்படியும் காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிக்கப் போகிறார் என்றால், அதையே காரணமாக மரியாதையோடு எடுத்துச் சொல்லலாம். சம்மதம் கிடைத்தால் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக, அல்லது ஒரு குறுஞ்செய்தியாகவாவது எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். 11 மாத ஒப்பந்தம் முடியும்போது வாய்ப் பேச்சு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அடிக்கும் விதம் உண்டு. செங்கல் சுவரின் மேல் பூச்சு அரை அங்குலம்தான். சுத்தியலால் ஓங்கி அடித்தால் ஆணி நுழைவதற்குள் பூச்சு விரிந்து பெயர்ந்துவிடும். புதிய அடுக்குமாடிகளின் கான்கிரீட் சுவரில் ஆணி வளைந்து, சுவரும் பொத்தலாகும். சின்ன டிரில்லில் 6 மி.மீ. துளை போட்டு, பிளாஸ்டிக் கட்டை இறக்கித் திருகாணி போட்டால் துளை சுத்தமாக இருக்கும், எடையும் தாங்கும். இலகுவான படம் என்றால் நாலு ஊசி முனை கொண்ட பிளாஸ்டிக் கொக்கியே போதும். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் பக்கத்திலும் துளை போடவே கூடாது. சுவருக்குள் மின்கம்பி ஓடுவது அந்த வழியில்தான். முந்தைய குடித்தனக்காரரின் ஆணி ஏற்கெனவே இருந்தால் அதையே பயன்படுத்தலாம். அந்த இடத்துக்கு ஏற்ற படத்தைத் தேர்ந்தெடுப்பது புதுத் துளையைவிட மலிவு.

குடிவந்த அன்றே ஒவ்வொரு சுவரையும் தேதியோடு படம் பிடித்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுவது நல்ல பழக்கம். பழைய துளைகளும் ஓதக் கறையும் பிறகு உங்கள் கணக்கில் ஏறாது. காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பு துளைகளில் பட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்து, பெயிண்ட் தொட்டு வைக்கலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. அதே நிறம் வாங்கினாலும், மூன்று வருஷம் மங்கிய சுவரில் புதுப் பெயிண்ட் திட்டாகத் தெரியும். அந்த ஒரு சுவரை மட்டும் மூலைக்கு மூலை அடித்துவிட்டால் வித்தியாசம் தெரியாது. ஒரு சுவருக்கு ஆகும் செலவு, ஒரு மாத வாடகையோடு ஒப்பிட்டால் சொற்பம்.

இத்தனைக்கும் ஆகும் நேரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செலவு, குடும்பத்தோடு ஒரு வேளை ஹோட்டலில் சாப்பிடுவது போல. கிடைப்பது அதைவிடப் பெரியது. மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர், ஒவ்வொரு ஊரிலும் புதுப் பள்ளிக்கூடம், புது மொழி என்று வளரும் குழந்தைக்கு, எந்த வீட்டுக்குப் போனாலும் அதே யானைப் படமும் அதே தாத்தாவின் முகமும் ஹாலில் இருக்கின்றன. வீடு என்று அது நினைவில் வைத்துக்கொள்ளப் போவது அவற்றைத்தான். பாபுஜியின் பட் ஓவியத்தை விரிக்கப் போபாவுக்கு ஓர் இரவு போதுமானதாக இருந்தது. 11 மாதம் அதைவிட நீண்ட காலம். பரணில் இருக்கும் பெட்டியை இறக்க அது தாராளம்.